பசித்த பேய்களும் ஒரு தலைநகரமும்

பேய்க்கதை என்பது மேலைநாட்டாரிடமிருந்து நமக்கு வந்த இறக்குமதி என்று எண்ணுவோர் இன்றும் உளர். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்ட முதற் குலோத்துங்கன் அவையில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியை அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

போரில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி. ஆனால் இந்நூலில் நம் நெஞ்சில் தங்குவது வெற்றி வீரனாகிய கருணாகரத் தொண்டைமான் அல்லன், பேய்களே. வெந்து வறண்ட பாலைக்காடு, அதன் நடுவே எலும்பும் தலையும் கொண்டு எழுப்பிய காளி கோயில், அங்கே பசியால் வற்றிய பேய்க்கூட்டம். இமயத்திலிருந்து வந்த முதுபேய் இந்திரசாலத்தால் குருதியாற்றைக் காட்டுகிறது. ஓடிச்சென்று அள்ளிய பேய்களின் கையில் ஒன்றுமில்லை. அச்சமும் நகையும் பிரிக்கவியலாது கலக்கும் இடம் இது.

பின்னர்க் களத்தில் கூழ் அடுகின்றன. யானைக் கொம்பால் பல் விளக்கி, விலாவெலும்பால் நா வழித்துக் குருதியில் நீராடுகின்றன. பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய் என வரிசையாகப் பந்தி நடக்கிறது. நம் ஊர்ப் பந்தியேதான். இலையில் விழுவது மட்டுமே வேறு.

இவ்விடத்தில் வகுப்பறை சிரிக்கும். நாமும் சிரித்திருக்கிறோம். ஆனால் ஒன்றை எண்ண வேண்டும். போரின் காரணமாக நூல் கூறுவது கலிங்க வேந்தன் திறை செலுத்தாமை. கூழாவோர் அந்தத் திறையைப் பற்றி ஏதும் அறியாதிருந்திருக்கக் கூடிய வீரர்கள். அவர்கள் பெயர் நூலில் இல்லை. அரசனைப் புகழவே புலவர் பாடினார். ஆயினும் பேய் வயிறு நிறைய எத்தனை உடல் வேண்டும் என்ற கணக்கையும் அவரே நம்மிடம் விட்டுச் சென்றார். போரின் அச்சத்தை இதைவிட வெளிப்படையாக அவைக்களத்தில் வைக்க இயலுமா?

முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயிலின் தென்புறத்தில், ஆடவல்லான் திருவடியருகே பேயுருக் கொண்ட காரைக்காலம்மையாரைக் காணலாம். அருகிலுள்ள செங்கமேட்டில் அவன் காலத்துக் கலிங்க வெற்றியின் சின்னங்களாகக் காளி, பைரவர் சிற்பங்கள் உள்ளன. தோற்ற நாட்டுத் தெய்வங்கள் வென்ற நாட்டு மண்ணில் நிற்கின்றன. வென்ற நகரமோ, மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. கோயில் மதிற்கற்கள்கூட 1836இல் கொள்ளிடத்துக் கீழணைக்குப் போயின.

தலைநகரம் அழிந்தது; பேய்கள் அழியவில்லை. போர்கள் நடக்கும் வரை அவற்றுக்குக் கூழும் குறையாது. பரணியை மீண்டும் படிக்க இஃதொன்றே போதிய காரணம்.