காசி அன்னபூரணி கோயில்

காசி அன்னபூரணி கோயில் உத்தரப் பிரதேச மாநிலம் வாரணாசியில், விசுவநாதர் கோயிலுக்கு மிக அருகில் அமைந்துள்ள அம்மன் கோயில் ஆகும். உணவை அளிக்கும் தெய்வமாகிய அன்னபூரணி பார்வதியின் வடிவமாகக் கருதப்படுகிறாள். இப்போதுள்ள கோயிலை மராட்டியப் பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1729-ஆம் ஆண்டு கட்டியதாகக் கூறப்படுகிறது. இது நாகர பாணியைச் சேர்ந்தது.

காசியிலுள்ள விசாலாட்சி கோயிலும் இதுவும் ஒன்றெனச் சிலர் கருதுவதுண்டு. அவை வெவ்வேறு கோயில்கள். முத்துசுவாமி தீட்சிதர் சாமா இராகத்தில் இயற்றிய "அன்னபூர்ணே விசாலாக்ஷி" என்ற கீர்த்தனை இரு பெயர்களையும் சேர்த்தே விளிக்கிறது.

தொன்மம்

உலகப் பொருள்கள் யாவும் மாயையே, உணவும் அவ்வாறே எனச் சிவன் கூற, பார்வதி மறைந்தாள். உலகில் பஞ்சம் சூழ்ந்தது. பின்னர் காசியில் தோன்றி அவள் அன்னமிட்டபோது, சிவனே திருவோடு ஏந்தி வந்து பிச்சை பெற்றார். இதனால் தேவி கையில் பாத்திரமும் கரண்டியும் ஏந்தியவளாகக் காட்டப்படுகிறாள்.

விழாக்கள்

அன்னபூரணியின் பொன் திருமேனியை ஆண்டில் சில நாட்கள் மட்டுமே காண இயலும். தீபாவளியை ஒட்டி வரும் தன திரயோதசி அன்று திறக்கப்பட்டு, அன்னகூட விழாவுடன் தரிசனம் நிறைவடைகிறது. அப்போது பக்தர்களுக்கு நாணயமும் நெற்பொரியும் வழங்கப்படும். அவற்றைச் செலவழிக்காமல் வீட்டில் வைத்திருப்பர். மார்கசீரிட மாதத்தில் நடைபெறும் 17 நாள் விரதத்தின் முடிவில் கோயில் புதிய நெற்கதிர்களால் அலங்கரிக்கப்படுகிறது. உழவர்கள் தம் முதல் விளைச்சலிலிருந்து கொண்டுவரும் கதிர்கள் இவை. கோயில் சார்பில் அன்னசத்திரமும் நடத்தப்படுகிறது.

களவு போன சிலை

2021-இல் கனடாவிலிருந்து மீட்கப்பட்ட அன்னபூரணி கற்சிலை இக்கோயிலின் மூலவர் அன்று. சுமார் 17 செ.மீ. உயரமே உள்ள அச்சிலை கங்கைக் கரைப் படித்துறையில் வழிபாட்டில் இருந்தது. 1913-இல் இந்தியா வந்த நார்மன் மெக்கன்சி என்ற கனடிய வழக்கறிஞர் அதை விரும்பியதை அறிந்த ஒருவன், அவருக்காகத் திருடிக் கொடுத்தான். 1936-இல் அவரது உயிலின்படி அளிக்கப்பட்ட அது பின்னர் ரெஜைனா பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இருந்தது. அங்கே அது விஷ்ணு எனப் பதியப்பட்டிருந்தது. 2019-இல் கலைஞர் திவ்யா மெஹ்ரா இதை ஐயுற்று ஆராய்ந்தார். ஒரு கையில் பாயசக் கிண்ணமும் மறு கையில் கரண்டியும் இருந்ததைக் கொண்டு அது அன்னபூரணி என அடையாளம் காணப்பட்டது. 2020 நவம்பரில் பல்கலைக்கழகம் சிலையை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 2021 நவம்பர் 15 அன்று அது விசுவநாதர் கோயில் வளாகத்தில் நிறுவப்பட்டது.