நகரா விசை

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், 1909இல் முழுமை பெற்ற இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிறுநகரம் லாபிஸ். அங்குள்ள தமிழாசிரியர் ஒருவர் வினாத்தாள் அணியம் செய்துகொண்டிருக்கையில், அவருடைய மடிக்கணினியில் விசையொன்று பழுதுபடுமாயின், அவர் இழப்பவை எத்தனை எழுத்துகள்? ஆங்கிலத்தில் விசை ஒன்று போனால் எழுத்து ஒன்று போயிற்று, அவ்வளவே. தமிழில் அக்கணக்குச் செல்லாது. அது ஏன் என்பதை அறிய, ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா, 1907இல் மலாயாவுக்கு வந்தார். இங்குப் பணியாற்றிய காலத்தில்தான் தமிழுக்கு ஒரு தட்டச்சுப்பொறி வேண்டுமென்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவது எவ்வாறு? உயிர்மெய்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார் அவர். எனினும் புள்ளியும் இகர, ஈகாரக் குறிகளும் எழுத்தின் தலைமேல் ஏற வேண்டியவை. பொறியோ ஒவ்வொரு தட்டுக்கும் ஓரிடம் நகர்வது. ஆகவே, தட்டினால் அச்சுப் பதியும், உருளை மட்டும் நகராது என்னும்படி சில விசைகளை அமைத்தார். இவையே ‘நகரா விசைகள்’. புள்ளியை முதலில் தட்டி, அதன் கீழ் மெய்யெழுத்தைத் தட்ட வேண்டும். பிற பொறிகளில் பழுதெனக் கருதப்படுவது இங்கு இலக்கணமாயிற்று! முதல் உலகப்போருக்குப் பின் செருமனியின் சைடல் நௌமான் நிறுவனத்தின் வழியாக இப்பொறிகள் உருவாகி விற்பனைக்கு வந்தன.

நாவு முதலில் மெய்யையும் பின்னர் உயிரையும் ஒலிக்க, விரல் மட்டும் தலைகீழாகச் செல்லும் இம்முறையே நெடுங்காலம் நிலவிற்று. கணினியில் உருளையும் இல்லை, நகர்வும் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான ‘தமிழ் 99’ அமைப்பு, உயிர் 12, மெய் 18, புள்ளி 1 என 31 விசைகளில் மொழி முழுவதையும் அடக்கிற்று. இதற்கு முன்னரே, மலேசியாவின் முத்து நெடுமாறன் படைத்த ‘முரசு அஞ்சல்’, ஆங்கில ஒலிப்பை ஒட்டித் தமிழை எழுத வழிவகுத்திருந்தது.

இவ்விரண்டிலும் பழுதின் விலை வேறு வேறு. ‘தமிழ் 99’இல் புள்ளிக்குரிய விசை ஆங்கில ‘எஃப்’. அது செயலிழந்தாலும் ‘அம்மா’ என்று எழுதலாம். ஏனெனில் ஒரே மெய் அடுத்தடுத்து வருமாயின் முதலதற்குப் புள்ளி தானே விழும். ‘தங்கம்’ என்பதில் நடுவிலுள்ள ஙகரத்திற்கும் அவ்வாறே. இறுதி மகரத்திற்குத்தான் இடர். ‘தமிழ்’ என்னும் சொல்லையோ எழுதவே இயலாது! ‘அஞ்சல்’ முறையில் மெய்யெழுத்து புள்ளியோடே பிறப்பதால் இத்தொல்லை இல்லை. ஆனால் அங்கே ‘ஏ’ விசை போய்விட்டால் அகரம் ஏறிய உயிர்மெய் ஒன்றுகூட எழாது. ககரமும் வராது, காகாரமும் வராது. ‘தமிழ் 99’இல் அதே விசை பெரும்பாலும் சொல்லின் முதலில் வரும் அகரத்திற்கு மட்டுமே.

ஆகவே ஆசிரியர் செய்யத்தக்க முதற்செயல், கருவியைத் திறப்பதன்று, அமைப்பை மாற்றுவது. புள்ளி விசை போயின் அஞ்சலுக்கும், அகர விசை போயின் தமிழ் 99க்கும் மாறினால் வினாத்தாள் நிற்காது. திரையில் தோன்றும் விசைப்பலகையும், வெளியிலிருந்து இணைக்கும் விசைப்பலகையும் அடுத்த துணைகள்.

பழுதின் காரணமோ பல வேளைகளில் அற்பமானது: விசைமூடியின் அடியில் தங்கிய ரொட்டித்துகள், சிந்திய தேநீர், தூசு. மின்னிணைப்பை நீக்கிக் கருவியை அணைத்துச் சாய்த்துக் காற்றூதினாலே சில விசைகள் மீளும். நீர்மம் சிந்தியிருப்பின் ஊதுதல் பயன்படாது; உடனே அணைத்துவிட்டுப் பழுது பார்ப்போரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மூடியை நெம்பி எடுப்பதில் எச்சரிக்கை தேவை. அதன் கீழுள்ள மெல்லிய பிளாஸ்டிக் கவர்கள் எளிதில் ஒடிபவை. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. ஆப்பிள் நிறுவனம் 2015இல் கொணர்ந்த ‘வண்ணத்துப்பூச்சி’ விசையமைப்பு துகளுக்கே தடுமாறியது. 2018இல் இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்த அந்நிறுவனம், 2019இலிருந்து பழைய கத்தரிக்கோல் அமைப்புக்கே திரும்பிற்று.