படலைக்கு வெளியே விடப்படும் நாய்கள்: தற்காலிகமாக வளர்ப்பதும் வீடு தேடிக் கொடுப்பதும்

வடக்கில் கைவிடப்படும் நாய்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்றபோது, "சனத்துக்கே ஒழுங்கான வீடில்லை, நீங்கள் நாய்க்கு வீடு தேடுறியளோ?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவரின் வளவிலேயே மூன்று நாய்கள் படுத்திருந்தன. மூன்றுமே யாரோ கொண்டுவந்து விட்டவை.

நாயை விட்டுவிட்டுப் போவது எங்களுக்குப் புதிதல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது பல வீடுகளில் மிஞ்சி நின்றவை நாய்கள். 2009 இல் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனம் நகர நகர, சில நாய்கள் உழவு இயந்திரங்களின் பின்னால் ஓடிவந்தன. மற்றவை வெறும் முற்றங்களில் நின்றுவிட்டன. விசுவமடுவில் நான் சந்தித்த ஓர் அம்மா சொன்னார்: "சங்கிலியை அவிட்டு விட்டனானோ இல்லையோ எண்டு இண்டைக்கும் எனக்கு நினைவில்லை, பிள்ளை." அதற்குப் பிறகு அவர் நாய் வளர்க்கவில்லை. வேலியோரம் வந்துபோகும் ஒரு பெட்டை நாய்க்கு மட்டும் மிச்சச் சோறு வைக்கிறார். அதற்கு அவர் பெயரும் வைக்கவில்லை.

அன்று விட்டுவிட்டு வந்ததற்கு யாரையும் குறைசொல்ல முடியாது. இன்று விடுவது வேறு கதை. குடும்பத்தோடு வெளிநாடு போவதும், வாடகை வீடு மாறுவதும், நாய் கிழடாகிச் சொறி பிடிப்பதும் காரணங்களாகின்றன. எல்லாவற்றிலும் பெரிய காரணம் பெட்டைக் குட்டிகள். கடுவன் குட்டிகளை அயலில் யாராவது எடுத்துவிடுவார்கள். பெட்டைகள் உரப்பைக்குள் போடப்பட்டுச் சந்தைக்கும் கோயில் வீதிக்கும் போகின்றன. நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்கள்தான். வருடத்துக்கு இரண்டு தடவைகூடக் குட்டி போடலாம். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யாமல் எத்தனை குட்டிகளுக்கு வீடு தேடினாலும் அது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதுதான்.

இலங்கையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறை 2006 இல் நிறுத்தப்பட்டது. அதன் பின் கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்றானது. மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டமோ 1907 ஆம் ஆண்டினது. அதில் எழுதப்பட்ட தண்டம் 100 ரூபா! ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயம் நடத்துகிறது. நல்ல பணி. ஆனால் ஒரு சரணாலயம் ஒரு மாகாணத்தின் நாய்களைத் தாங்காது. அதனால்தான் தற்காலிக வளர்ப்பு முக்கியமாகிறது. நிரந்தர வீடு கிடைக்கும்வரை சில கிழமைகள் உங்கள் வளவில் ஒரு மூலையைக் கொடுப்பதுதான் அது.

முதல் வேலை மிருக வைத்தியரிடம் காட்டுவது. விசர்நாய்க்கடி நோய்க் கிருமி உடலுக்குள் இருந்தாலும் அறிகுறி தெரிய வாரங்கள், சிலவேளை மாதங்கள்கூட ஆகலாம். பார்வைக்குச் சுகமாக இருக்கிறது என்பது போதாது. நாய்களுக்கான விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறார்கள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டி வைத்து 14 நாட்கள் கவனிக்கச் சொல்வார்கள். நாய் என்னாகிறது என்று பார்த்துவிட்டு ஊசி போடலாம் எனக் காத்திருக்கக் கூடாது. அறிகுறி வந்துவிட்டால் இந்த நோய்க்கு மருந்தில்லை.

வீட்டில் வேறு நாய் இருந்தால் புதியதை இரண்டு கிழமையாவது தனியே வையுங்கள். குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் பார்வோ வைரஸ். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் கண்டால் அடுத்த நாள்வரை பொறுக்காதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே ஒரு குட்டி செத்த இடத்தில் உடனே இன்னொன்றைக் கொண்டுவந்து விடக் கூடாது. காய்ச்சலுக்குப் பனடோல் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது நாய்க்கு நஞ்சாகலாம். பூச்சி மருந்து, உண்ணி மருந்தெல்லாம் நிறைபார்த்துக் கொடுக்க வேண்டியவை. சாப்பாட்டுக்குச் சோறும் மீனும் போதும். வெங்காயமும் சமைத்த கோழி எலும்பும் வேண்டாம்.

முதல் சில நாட்கள் நாய் சாப்பிடாது, கட்டிலுக்குக் கீழே கிடக்கும், படலையையே பார்த்துக்கொண்டிருக்கும். பிடித்து இழுத்துக் கொஞ்ச வேண்டாம். திருவிழாக் காலங்களில் இன்னும் கவனம் தேவை. வெடிச்சத்தம் கேட்டால் மதில் பாய்ந்து ஓடிவிடும், பிறகு கண்டுபிடிப்பது கடினம். வெடி கொளுத்தும் இரவில் உள்ளறையில் வைத்து, வானொலியைச் சற்றுச் சத்தமாகப் போட்டுவிடுவது உதவும். இதை நான் சொன்னபோது முள்ளிவாய்க்காலில் இருந்து மீண்ட ஒரு தகப்பன் சிரித்தார். "நானும் அப்பிடித்தான் செய்யிறனான்" என்றார். அவரும் நாயும் ஒரே அறையில்தான் இருப்பார்களாம்.

வீடு தேடும்போது அவசரம் கூடாது. எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கேட்டு வருபவரின் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். வேலி அடைத்திருக்கிறதா, பகல் முழுதும் சங்கிலியிலா கிடக்கப்போகிறது, வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் குடும்பமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். "காவலுக்கு" என்று மட்டும் கேட்பவர்களிடம் எனக்குத் தயக்கம் உண்டு. கள்ளர் பயம் குறைந்ததும் அந்த நாய் தெருவுக்கு வரும். வளர்ந்த பெட்டை நாயென்றால் கருத்தடை செய்து, தையல் ஆறிய பிறகே கொடுங்கள். பிறகு செய்வோம் என்பவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை.

வைத்திருக்க முடியாவிட்டால் எங்கும் விடாமல் என்னிடமே திருப்பித் தரவேண்டும் என்ற பேச்சை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். முதல் கிழமை ஒரு தடவையும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் போய்ப் பார்த்தால் போதும். போகும்போது தடுப்பூசி அட்டையையும் கேட்டுப் பாருங்கள். அடுத்த வருட ஊசிக்கான திகதி அதில் இருக்கும்.