ஏளனத்தில் பிறந்த இரு மகிழுந்துகள்

ஜார்ஜ் டவுனிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் மலைச்சாலை வளைவுகள் மலிந்தது. என் இளமையில் மோரிஸ் மைனரும், ‘வண்டு’ எனப்பட்ட வோக்ஸ்வாகனும் அச்சாலையில் ஏறியிறங்கக் கண்டதுண்டு. அவ்விரண்டின் வரலாறும் ஆசிரியர்க்கு ஒரு பாடமாகும்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி குறுகலாகத் தோன்றவே, அதனை நெடுக்கில் இரண்டாக அறுத்து, நடுவே 4 அங்குலம் சேர்த்து அகலப்படுத்தினார். 1948இல் வெளிவந்த அவ்வண்டியை, நிறுவனத் தலைவர் நஃபீல்டு பிரபுவே அவித்த முட்டை போன்றதென எள்ளினார். வண்டின் நிலையும் அதுவே. 1930களில் பெர்டினாண்ட் போர்ஷே உருவாக்கிய அதனை, போருக்குப் பின் ஆய்ந்த பிரிட்டிஷ் தொழில் வல்லுநர்கள், வாங்குவோரைக் கவராது என்று ஒதுக்கினர். மேஜர் ஐவன் ஹர்ஸ்டோ மனந்தளராது, வோல்ஃப்ஸ்பர்க் ஆலையை மீண்டும் இயக்கினார்.

தொடக்கத்தில் ஆற்றலில் பெரும் வேற்றுமை இல்லை. மைனருக்கு 918 கன செ.மீ. பொறி, 27.5 குதிரைத்திறன், வண்டுக்கு 1131 கன செ.மீ., 25 குதிரைத்திறன். இரண்டும் மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. ஓடின. 1956இல் 37 குதிரைத்திறன் பெற்ற மைனர், 30 குதிரைத்திறன் கொண்ட வண்டை விரைவில் விஞ்சியது. வளைவுகளிலும் மைனரே உறுதியாகத் திரும்பியது. விரைந்து வளைந்தால் வண்டின் பின்புறம் விலகும். ஆயின் வண்டின் பொறி காற்றால் குளிர்வது. ஏற்றத்தில் நீர் கொதித்து நிற்கும் தொல்லை அதற்கில்லை. பொறியின் எடை பின்சக்கரங்களை அழுத்தியமையால், ஈரமண்ணிலும் அது பற்றி ஏறியது.

பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்து மைனரே. எனினும் 1959இல் இசிகோனிஸ் படைத்த மினி வந்தபின், நிறுவனத்தின் கருத்து புதியவற்றின்பால் சென்றது. 1962க்குப் பின் பெருந்திருத்தம் பெறாத மைனர், 1971இல் ஏறத்தாழ 16 இலட்சத்தோடு நின்றது. வண்டோ புறத்தோற்றம் பெரிதும் மாறாமலே உட்கூறுகளில் இடையறாது திருத்தம் பெற்றது. 2003இல் மெக்சிகோவில் உற்பத்தி முடிந்தபோது அதன் எண்ணிக்கை 2 கோடியே 15 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

முதற்பார்வையில் எள்ளப்பட்ட இரண்டும் உலகை வலம் வந்தன. இடையறாது பேணப்பட்டதே நெடிது நிலைத்தது. வகுப்பின் கடைசி வரிசையைக் காணுந்தோறும் நாம் இதனை நினைவிற்கொள்ளல் நன்று.