ஒரே இணைப்பு, பல வாசல்கள்

திருவாலங்காட்டில் எங்கள் வீட்டிற்கு வரும் இணையக் கம்பி ஒன்றே. அதைப் பயன்படுத்தும் கணிப்பொறிகளோ மூன்று. "மூன்றும் கேட்ட செய்திகள் ஒரே கம்பியில் வரும்போது கலந்துவிடாவா, சார்?" என்று மாணவர் ஒருவர் வினவினார்.

கலப்பதில்லை. நடுவே ரவுட்டர் என்னும் சிறு பெட்டி கணக்கு வைத்துக்கொள்கிறது. வெளியுலகைப் பொறுத்தவரை நம் வீட்டிற்கு ஒரே முகவரிதான். உள்ளே ஒவ்வொரு கணிப்பொறிக்கும் வீட்டளவில் மட்டும் செல்லுபடியாகும் தனி முகவரி உண்டு. ஒரு கணிப்பொறி வெளியே செய்தி கேட்டால், ரவுட்டர் அதன் உள்முகவரியை நீக்கிப் பொது முகவரியை இட்டு, ஓர் எண்ணையும் சேர்த்து, அவ்வெண் யாருக்குரியது என்று பட்டியலில் குறித்துக்கொள்கிறது. விடை அதே எண்ணுடன் திரும்பி வரும், உரியவரிடம் சேரும்.

இம்முறைக்கு அடிப்படையான முகவரி மாற்றத்தை எகெவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் 1994 மே மாதத்தில் எழுதி வெளியிட்டனர். 32 இரும இலக்கங்களில் அமையும் முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான்; அவை தீர்ந்துவிடும் என்ற அச்சமே காரணம். தற்காலிக ஏற்பாடு என்றே அவர்கள் கருதினர். 128 இலக்க முகவரிகள் வந்த பின்னும் அது நம் வீடுகளைவிட்டுப் போகவில்லை!

நம் பக்கத்து வீடுகளில் ரவுட்டர் பரவியது, பி.எஸ்.என்.எல். 2005இல் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கிய பிறகுதான். ஆனால் ஓர் இணைப்பைப் பல ஊர்கள் பங்கிட்டுக்கொண்ட கதை அதற்கும் முந்தியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியுடன் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக்கு அருகே அதைத் தொடங்கிற்று. வில்லியனூர் நிலையத்தில் தொலைபேசி வழியே இணையம் வந்தது. அங்கிருந்து வானொலி அலைகள் வழியே சிற்றூர்களுக்குச் செய்தி சென்றது. எந்த ஊருக்கு எது வேண்டும் என்ற கணக்கை இங்கே வைத்திருந்தது பெட்டியன்று, மனிதர்கள்.

ஏம்பலத்தில் கணிப்பொறிகளுக்கு இடம் கிடைத்தது ஒரு பழைய கோயிலின் பக்கத்துப் பகுதியில். கதிரவன் ஒளியால் பெற்ற மின்சாரத்தில் அவை இயங்கின. அக்கோயிலுக்கு அப்போது இரண்டு வாசல்கள் இருந்தன. வழிபாட்டு வாசலில் தாழ்த்தப்பட்டோருக்கும் மாதவிலக்கான பெண்களுக்கும் இடமிருக்கவில்லை. கணிப்பொறி இருந்த வாசலில் எவரும் நுழைய முடிந்தது. நெல் விலையைவிட இச்செய்தியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து மறுநாள் அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் செய்தி எட்டியது. எந்த ரவுட்டரும் இந்தக் கடைசிக் கட்டத்தைச் செய்வதில்லை.

நல்லவாட்டிலும் இத்தகைய நிலையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்து வீட்டிற்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் வீட்டிற்குள் புகுவதாகத் தங்கை சொன்னார். உடனே வெளியேறி மற்றவர்களையும் எச்சரிக்கும்படி அவர் கூறினார். ஊரார் நிலையத்தின் கதவை உடைத்து, கடல் நிலை சொல்லிப் பழகிய அதே ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் போயின. 3,600க்கு மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர்.