12,372 நாள்: புதுச்சேரிக் கிரகணக் கணக்கும் நொய்கெபவரின் வாசிப்பும்

வாக்கியப் பஞ்சாங்கக் கணிதத்தின் தோற்றம் பற்றி எழுதும் எவரும் ஓட்டோ நொய்கெபவர் 1952-இல் 'ஒசைரிஸ்' இதழில் வெளியிட்ட 'தமிழ் வானியல்' கட்டுரையைத் தாண்டிச் செல்ல முடியாது. பாபிலோனிய, கிரேக்க வானியலில் அவருக்கு இணையாக மூலங்களைப் படித்தவர் அந்தத் தலைமுறையில் அரிது. அவர் அங்கே எட்டிய முடிவின் ஒரு பாதி இன்றும் அசையாமல் நிற்கிறது. மறுபாதி நிற்கவில்லை என்பதே என் கருத்து. அதை மறுக்கத் தேவையான சான்று அவர் கையாண்ட எண்களுக்குள்ளேயே, விகலை அளவில், இருக்கிறது.

சான்றின் பின்னணி அறிந்ததே. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் 1825-இல் சென்னையில் 'காலசங்கலிதம்' நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, 1825 மே 31 - ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் படிப்படியாகப் பதிந்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52.

கணக்கு நான்கு எண்களில் தொடங்குகிறது. கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணும் நாளான கலி தினத்திலிருந்து 16,00,984-ஐக் கழித்து, மீதியை 12,372-ஆலும், அதன் மீதியை 3,031-ஆலும், பிறகு 248-ஆலும் வகுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது 248-க்கு உட்பட்ட ஒரு நாள் எண். அந்த எண்ணுக்குரிய வாக்கியம், அதாவது மனப்பாடச் சொற்றொடர், சந்திரனின் நிலையைச் சொல்லும். இந்த எண்களுக்கு வேதம், ரசகெரிகம், காலநிலம், தேவரம் என்ற பெயர்களை வாரன் குறிக்கிறார். எழுத்துகளால் எண்களைக் குறிக்கும் கடபயாதி முறை தெரிந்தவருக்கு இவை வெறும் பெயர்கள் அல்ல. 'தேவர' என்பதில் தே 8, வ 4, ர 2. வலமிருந்து படித்தால் 248. 'காலநில' 3,031-ஐயும் 'ரசகெரிக' 12,372-ஐயும் இப்படியே தருகின்றன.

நொய்கெபவர் பற்றிக்கொண்டது 248-ஐயும் 3,031-ஐயும். சந்திரன் தன் உச்சத்தை விட்டு மீண்டும் உச்சம் சேரும் சுற்றுகளில் ஒன்பது சேர்ந்தால் ஏறக்குறைய 248 நாள். 110 சேர்ந்தால் 3,031 நாள். 248 நாள் அடுக்கு ஆப்பெழுத்துப் பலகைகளில் உண்டு. ரைலண்ட்ஸ் தொகுப்பின் 27-ஆம் கிரேக்கப் பாப்பிரசில் இரண்டு எண்களும் உண்டு. வராகமிகிரரின் பஞ்சசித்தாந்திகையில் வாசிட்ட சித்தாந்தத்தைச் சொல்லும் பகுதியிலும் உண்டு. இப்படி ஓர் இணை எண் தற்செயலாக மூன்று இடங்களில் முளைக்காது. எனவே பாபிலோனில் பிறந்து கிரேக்கர் வழியாகத் தென்னிந்தியாவை அடைந்த ஒரு கணக்குமுறையின் கடைசிச் சாட்சியாகவே அவர் புதுச்சேரிக் கணிதரைக் கண்டார். ரோமானிய வணிகச் சுவடுகள் கிடைத்த அரிக்கமேடு புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே இருப்பது இந்தச் சித்திரத்துக்குத் தனிக் கவர்ச்சியைத் தருகிறது. அந்தக் கவர்ச்சியே நம்மை எச்சரிக்க வேண்டும்.

இரண்டு எண்களின் வழிமரபை நான் மறுக்கவில்லை. மறுப்பது, நான்கு எண்களையும் ஒரே பொதியாகக் கட்டி அந்தப் பொதிக்கே பாபிலோன் முத்திரை குத்துவதை. 12,372 பாப்பிரசில் இல்லை; வாசிட்டப் பகுதியிலும் இல்லை. அது எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு எண்ணோடும் அத்தனை நாளில் சந்திரன் நகரும் பாகையையும், அதாவது துருவத்தையும், வாரன் தருகிறார். முழுச் சுற்றுகளை நீக்கிய பிறகு 12,372 நாளுக்கு 297 பாகை 48 கலை 10 விகலை. 3,031 நாளுக்கு 337 பாகை 31 கலை 1 விகலை. 248 நாளுக்கு 27 பாகை 44 கலை 6 விகலை. இவற்றை ஆரியபடரின் மாறிலிகளோடு ஒப்பிட்டேன். ஆரியபடீயத்தின்படி 1,57,79,17,500 நாளில் சந்திரன் 5,77,53,336 சுற்று. அதன்படி 12,372 நாளுக்குக் கிடைப்பது 297 பாகை 51 கலை 45 விகலை. வாரனின் எண்ணைவிட 3 கலை 35 விகலை அதிகம். பிழை என்று ஒதுக்கிவிட முடியாத வேறுபாடு இது, ஏனென்றால் அதன் அளவு நமக்கு வேறொரு இடத்திலிருந்து தெரிந்தது. பரகிதம் என்ற கேரளத்து வானியல் மரபில் சக ஆண்டு 444-க்குப் பிந்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் சந்திரனிலிருந்து 85-இல் 9 பங்கு கலையைக் கழிப்பார்கள். 12,372 நாள் என்பது 33.87 ஆண்டு; அதற்குரிய கழிவு சரியாக 3 கலை 35 விகலை. கழித்தால் 297 பாகை 48 கலை 10 விகலை. வாரன் எழுதிய எண் அதுவே, விகலை பிசகாமல்.

3,031 நாளுக்கும் இதே சோதனை. திருத்தத்துக்கு முன் 31 கலை 54 விகலை. பின் 31 கலை 1 விகலை. மீண்டும் வாரனின் எண். 248 நாளுக்குத் திருத்திய விடை 44 கலை 5 விகலை, வாரனிடம் 6. பாபிலோனில் தோன்றிய 248-உம் 3,031-உம்கூட, இங்கே பரகிதத் திருத்தம் ஏறிய பாகைகளைச் சுமந்துதான் வந்து சேர்ந்திருக்கின்றன.

திருத்தம் பரகிதத்துடையதுதானா, வானியலர் லல்லருடையதாக இருக்கலாகாதா என்று கேட்கலாம். லல்லர் 250 ஆண்டுக்கு 25 கலை கழிக்கிறார். அந்த வீதத்தில் 12,372 நாளுக்கு 48 கலை 22 விகலை வரும். 12 விகலை வித்தியாசம் சிறிதுதான். ஆனால் இதே எண்ணுக்குப் பரகித வீதம் ஒரு விகலையும் பிசகாதபோது இதை ஏற்கக் காரணமில்லை.

12,372 என்ற எண்ணின் பிறப்பையும் இதே திருத்தம் விளக்குகிறது. உச்சச் சுற்றின் நாளளவைக் குட்டக முறையில் தொடர்ந்து வகுத்துக்கொண்டே போனால் 248, 3,031 இரண்டும் அடுத்தடுத்து விழும். அதற்கடுத்த எண் எது என்பது மூல அளவைப் பொறுத்தது. திருத்தப்படாத ஆரியபடர் அளவில் அது 3,279. சந்திரனுக்கும் உச்சத்துக்கும் பரகிதத் திருத்தங்களைச் செய்த அளவில் அது 12,372, அதாவது நான்கு 3,031-உம் ஒரு 248-உம். பாபிலோனிய அளவில், 251 பிறைமாதங்களுக்கு 269 உச்சச் சுற்று என்று கொண்டால், 9,341.

இந்த இடத்தில் நொய்கெபவர் தரப்புக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். பாபிலோனிய அளவுக்கு 9,341 எவ்வளவு நெருக்கமோ, கிட்டத்தட்ட அவ்வளவு நெருக்கம் 12,372-உம். வகுத்தல் முறையை விட்டு, வசதியான பெரிய எண் ஒன்றைத் தேடியவர் பாபிலோனிய அளவிலிருந்தும் 12,372-ஐ எட்டியிருக்க முடியும். ஆனால் அப்படித் தேடியவருக்கு 48 கலை 10 விகலை எப்படிக் கிடைத்திருக்கும்? எண்ணை மட்டும் தனியே வைத்து வாதாடலாம். பாகையோடு சேர்த்து வைத்தால் வாதம் நிற்காது.

1952-இல் நொய்கெபவருக்கு 'வாக்கியகரணம்' அச்சில் கிடைக்கவில்லை. காஞ்சிபுரத்தோடு தொடர்புபடுத்தப்படும் அந்த நூலை, சுந்தரராஜரின் உரையோடு, டி. எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962-இல்தான் சென்னையில் பதிப்பித்தார்கள். ஆகவே குறை அவருடைய படிப்பில் இல்லை. வாரனின் ஒரு சொல்லை அவர் அப்படியே ஏற்றதுதான் எனக்கு உறுத்துகிறது. தான் செய்யும் கணக்கின் கோட்பாடு கணிதருக்குத் தெரியாது என்றார் வாரன். அது உண்மையாகவே இருக்கட்டும். கணக்கைச் செய்தவருக்குத் தெரியாதது, கணக்கை அமைத்தவருக்கும் தெரியாது என்று ஆகிவிடுமா? வானத்தைப் பார்த்து, பழைய அளவு தவறுகிறது என்று கண்டு, கழிவு வீதம் நிர்ணயித்து, அதற்கேற்ப எண்களைப் புதிதாக வகுத்தெடுத்தவர்கள் இந்த மரபுக்குள் இருந்தார்கள். இந்தக் கணக்குக்குப் பாபிலோனிய எச்சம் என்று பெயரிட்டால் அவர்கள் பார்வையிலிருந்தே மறைந்துபோகிறார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை என் முடிவு குறுகியது. பரகிதம் ஹரிதத்தரால் கி.பி. 683-இல் திருநாவாயில் நிறுவப்பட்டது என்பது மரபு. அதை ஏற்றால் வாரன் பதிந்த துருவங்கள் அதற்குப் பிந்தியவை. கழித்துத் தொடங்கும் கலி தினம் 16,00,984 என்பது 1282 மே 22-இல் விழுவதால், தொகுப்பு இன்றைய வடிவம் பெற்றது 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ சற்றுப் பின்னரோ என்று கொள்ளலாம். ஆனால் அந்த நாளுக்கு வாரன் தரும் 212 பாகை 0 கலை 7 விகலை என் கணக்கோடு ஒட்டவில்லை. சக 444 முதல் திருத்தினால் 24 விகலை மிகுகிறது. அன்றைய சந்திர நிலைக்குப் பதிலாக உச்சத்தின் நிலையைக் கொண்டார்களா, திருத்தத்தின் தொடக்க ஆண்டை வேறாக வைத்தார்களா என்பதற்கு இன்னும் விடை இல்லை.

சந்திர வாக்கியங்களை இயற்றியவராகச் சொல்லப்படும் வரருசியின் காலமும் இதனால் தீர்ந்துவிடாது. அவர் பெயரில் வழங்கும் 248 வாக்கியங்கள் கலை வரைக்குமே சொல்கின்றன. துருவங்களோ விகலை வரை செல்கின்றன. ஒரே கையின் வேலை என்றால் இந்த ஏற்றத்தாழ்வு ஏன்? சந்திர வாக்கியங்களையே விகலை வரை நீட்டியது பின்னால் வந்த சங்கமகிராமத்து மாதவர்தான். வாக்கியங்கள் முந்தியவை, துருவங்கள் பரகிதத்துக்குப் பின் மாற்றி வைக்கப்பட்டவை என்ற இரண்டடுக்கு விளக்கத்தின் பக்கமே நான் சாய்கிறேன். அதை உறுதி செய்ய, 248 வாக்கியங்களின் கடைசி மதிப்பையும் துருவத்தையும் தமிழகத்து, கேரளத்து ஓலைகளில் தனித்தனியே ஒப்பிட வேண்டும். பழைய துருவம், அதாவது 51 கலை 45 விகலை, எந்த ஓலையிலாவது எஞ்சியிருந்தால் வரருசியை 683-க்கு முன்னால் வைக்க முதல் கணிதச் சான்று அதுவாகும்.