உம்மாவின் பக்கம் வெறுமையாக இருக்கக் கூடாது

பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னால், அநேகமானோர் வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று மேலே ஏறிப்போவார்கள். உம்மாவின் பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். இப்படித் தேடினால் ஒரு காணியின் வரலாறு எங்கே தொலைந்துபோகும் என்பதற்கு ஸ்கொட்லாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது.

எடின்பரோ நகருக்குத் தெற்கே, டுவீட் ஆற்றுக்கு அருகில் உள்ளது ட்ரக்வெயார் மாளிகை. ஸ்கொட்லாந்தில் தொடர்ந்து ஆட்கள் குடியிருந்துவரும் மிகப் பழைய வீடு என்று இதைச் சொல்வார்கள். ஆரம்பத்தில் அரசர்கள் வேட்டைக்கு வந்து தங்கிய இடம். 1478இல் பக்கன் பிரபு ஜேம்ஸ் ஸ்டுவர்ட் இதை 70 மெர்க் காசுக்கு வாங்கினார். 1491இல் தன் மகனுக்குக் கொடுத்தார். அந்த மகன் 1513இல் ஃபிளொடன் போரில் இறந்தார். அவர் சந்ததியில் வந்த ஜோன் ஸ்டுவர்ட் நாட்டின் திறைசேரிக்கே பொறுப்பாக இருந்தவர். பதவி போய் 1659இல் வறுமையில் இறந்தார். ஆனாலும் வீடு குடும்பத்தின் கையை விட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் எப்படித் தேடுகிறார்கள்? அங்கே 1617இல் சட்டம் போட்டு, காணி கைமாறுவதைப் பகிரங்கமாகப் பதியும் பேரேட்டை உருவாக்கினார்கள். அக்காலத்தில் உறுதி எழுதினால் மட்டும் போதாது. அந்தக் காணியிலேயே நின்று, சாட்சிகள் முன்னால், ஒரு பிடி மண்ணும் கல்லும் புதிய உரிமையாளரின் கையில் கொடுக்க வேண்டும். அதை எழுதிப் பேரேட்டில் பதிவார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 1861இல் எட்டாவது பிரபு திருமணம் செய்யாமலே இறந்தார். பட்டம் அத்தோடு முடிந்தது. வீடு அவருடைய சகோதரி லூயிசாவுக்கு வந்தது. 1875இல், நூறு வயதை நெருங்கிய நிலையில், அவரும் இறந்தார். அடுத்து வந்தவரின் பெயர் ஹென்றி கொன்ஸ்டபிள் மெக்ஸ்வெல். பெயரை மட்டும் பார்த்தால் யாரோ வெளியாள் வாங்கிவிட்டார் என்றுதான் நினைப்போம். உண்மை அதுவல்ல. ஹென்றியுடைய வாப்பாவின் உம்மாவின் உம்மா, நான்காவது ட்ரக்வெயார் பிரபுவின் மகள் கத்தரின். இரண்டு பெண்களைக் கடந்துதான் அந்த உரித்து வந்தது. இருவரும் மணமுடித்துப் போனபோது குடும்பப் பெயர் மாறியது, இரத்த உறவு மாறவில்லை. ஹென்றி தன் பெயரோடு ஸ்டுவர்ட் என்பதையும் சேர்த்துக்கொண்டார். இன்று அந்த வீட்டின் பொறுப்பில் இருப்பவரும் ஒரு பெண்தான்.

உறுதி, காணி யாருடையது என்று சொல்லும். எப்படி வந்தது என்பதைக் குடும்ப மரம்தான் சொல்லும். அதில் பெண்களை விட்டுவிட்டால் ட்ரக்வெயார் கதை 1875உடன் அறுந்துபோகும்.

நம் கிழக்கிலங்கை ஊர்களிலோ வீடு மகள்மாருக்கே சீதனமாகப் போகிறது. அப்படியென்றால் நம் வீடுகளின் வரலாறு உம்மாமாரின் பக்கத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் நாம் எழுதாமல் விடுகிறோம். யுத்தத்திலும் சுனாமியிலும் உறுதிகளைத் தொலைத்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை!

இன்று மஃரிபுக்குப் பிறகு வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம்: "உங்கள் உம்மாவின் உம்மாவுக்கு என்ன பெயர்? இந்த வளவு யார் கொடுத்தது?" கிடைக்கும் பதிலைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். அவர்கள் இருக்கும்போதே.